வெளிநாட்டில் இருந்துகொண்டு காவிரி டெல்டா கடைகளில் ஆன்லைனில் வாங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

போன வருடம் ஆடி மாதம் சிங்கப்பூரிலிருந்து தம்பி கூப்பிட்டான்.

"அக்கா, நாச்சியார்கோவில் கடை ஒண்ணுல ஆன்லைன்ல குத்துவிளக்கு பார்த்தேன். ஜோடி பிரமாதமா இருக்கு. காசு கட்டிடட்டுமா?"

"எதுல அனுப்புறாங்கன்னு கேட்டியா?"

"கேக்கலையே."

"அப்போ இரு."

கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு தம்பிக்கும், நியூ ஜெர்சியில் இருக்கும் பெரியப்பா மகளுக்கும், துபாயில் இருக்கும் எதிர்வீட்டுப் பையனுக்கும் பார்சல் கட்டியே பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. எங்கள் ஊர்ப் பட்டறைகளும் நெசவுக் கடைகளும் இப்போது வாட்ஸாப்பிலும் இணையதளத்திலும் விற்கின்றன. வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் இதே ஊர்க்காரர்கள், வெளியே போனவர்கள். "நம்ம ஊர்க் கடைதானே" என்ற எண்ணத்தில் பணத்தைக் கட்டிவிட்டு, அப்புறம்தான் விழிக்கிறார்கள். நீங்கள் இருக்கும் நாட்டின் சுங்கத்துறைக்கு நாச்சியார்கோவில் பாத்திரக்கடையும் ஒரு வெளிநாட்டு வியாபாரிதான். அதற்கு ஏற்ற மாதிரிதான் வாங்க வேண்டும்.

நான் எல்லோருக்கும் சொல்லும் வரிசை இது: முதலில் உங்கள் நாட்டு விதி, அடுத்து அனுப்பும் வழி, அதற்கப்புறம் பொருள், கடைசியில்தான் விலை பேசுவது. நம்மவர்கள் செய்வது இதற்கு நேர் தலைகீழ்.

படி 1: உங்கள் நாட்டு வாசலைப் பாருங்கள்

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்குக் கணக்கு சுலபம். விமானத்திலோ தபாலிலோ வரும் பார்சலின் விலை, அனுப்பும் செலவு, காப்பீடு மூன்றும் சேர்ந்து 400 சிங்கப்பூர் டாலரைத் தாண்டினால் 9 சதவீத ஜிஎஸ்டி. அந்த எல்லைக்குள் இருந்தால் வாசலில் வரி கிடையாது. 2023 முதல் பெரிய வெளிநாட்டுத் தளங்கள் சின்ன பார்சலுக்கும் விற்கும்போதே ஜிஎஸ்டி வசூலிக்கின்றன. நம் ஊர்ப் பட்டறைகள் அந்த அளவுக்குப் பெரியவை அல்ல. மலேசியாவிலும் 2024 முதல் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருளுக்கு 10 சதவீத வரி உண்டு. அதுவும் பதிவு செய்த பெரிய விற்பனையாளர் வழியாகத்தான் வசூலாகிறது.

பிரிட்டனில் 135 பவுண்டு வரையிலான பொருளுக்கு 20 சதவீத வாட் வரியை விற்பவரே வாங்கிக் கட்டவேண்டும். கும்பகோணத்துச் சின்னக் கடை லண்டனில் வரிப் பதிவு எடுத்திருக்காது. அதனால் பிரிட்டனில் இருப்பவர்கள் நேரடியாகக் கடையில் வாங்குவதைவிட, அந்தக் கடை இடம்பெற்றிருக்கும் பெரிய விற்பனைத் தளம் வழியாக வாங்கினால் தலைவலி குறைவு. வரியைத் தளமே பார்த்துக்கொள்ளும். 39 பவுண்டு வரை அன்பளிப்புக்கு வரி இல்லை என்பது உண்மைதான். ஆனால் நீங்களே காசு கொடுத்து உங்களுக்கே வரவழைத்துக்கொள்வது அன்பளிப்பு ஆகாது.

அமெரிக்காவில் நிலைமை அடியோடு மாறிவிட்டது. 800 டாலர் வரை வரி இல்லாமல் வந்துகொண்டிருந்த சலுகை 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தப்பட்டது. அந்தச் சமயத்தில் இந்தியத் தபால் துறையும் அமெரிக்க அஞ்சலில் பெரும்பகுதியை நிறுத்திவிட்டு, அக்டோபர் 15 முதல்தான் மறுபடி ஏற்க ஆரம்பித்தது. வரியை இங்கே அனுப்பும்போதே கட்டவேண்டும் என்ற ஏற்பாட்டோடு. பெரியப்பா மகளுக்கு அந்த வருடக் கொலு பொம்மை போய்ச் சேரவே இல்லை, என் வீட்டு அலமாரியில்தான் கொலு இருந்தது. வரி விகிதம் அடிக்கடி மாறுகிறது, ஆகவே பணம் கட்டும் நாளன்று பார்த்துக்கொள்ளுங்கள். போன தீபாவளிக்குத் தோழி கட்டிய கணக்கு இந்தப் பொங்கலுக்கு உதவாது.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்றால் பணத்தைவிட மண்ணும் செடியும்தான் பிரச்சினை. கோரைப் பாய், ஓலைப் பெட்டி, வைக்கோல் திணித்த பொம்மை எல்லாமே உயிரிப் பாதுகாப்புச் சோதனைக்குப் போகும். பார்சலுக்குள் பொருள் ஆடாமல் இருக்க வைக்கோல் வைத்துக் கட்டுவது எங்கள் ஊர்ப் பழக்கம். "வைக்கோல் வேண்டாம், காகிதம் போதும்" என்று கடைக்காரரிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

படி 2: எந்த வழியில் வரும்?

மூன்று வழி உண்டு. தபால், பெரிய பன்னாட்டுக் கூரியர், அப்புறம் ஊர் ஊராக இருக்கும் டோர் டு டோர் ஏஜென்ட்.

தபால் மெதுவாகப் போகும், ஆனால் நியாயமான விலை. வெளிநாட்டு ஸ்பீடு போஸ்ட் எண்ணைப் பார்த்தாலே தெரியும்: முன்னால் இரண்டு எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் இந்தியாவின் இரண்டு எழுத்துக் குறி. அதே எண்ணை உங்கள் நாட்டுத் தபால் தளத்திலும் போட்டுப் பார்க்கலாம். இந்தப் பக்கத்துத் தளத்தில் நாலு நாள் அசைவே இல்லாத பார்சல் அந்தப் பக்கம் விநியோகத்துக்குக் கிளம்பியிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சிறு வியாபாரிகளுக்காகத் தபால் நிலையங்களிலேயே ஏற்றுமதி மையங்கள் திறந்திருக்கிறார்கள், டாக் கர் நிர்யாத் கேந்திரா என்று பெயர். கடைக்காரர் அதில் பதிவு செய்தவராக இருந்தால் சுங்கப் படிவத்தை ஆன்லைனிலேயே போட்டுவிடுவார். இல்லாவிட்டால் கவுண்டரில் சிஎன் 22 அல்லது சிஎன் 23 என்ற சுங்கப் படிவம்.

கூரியரில் கவனிக்கவேண்டியது கன அளவு எடை. பெட்டியின் நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். அந்த எண்ணும் தராசு எடையும் எது அதிகமோ அதற்குத்தான் காசு. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தராசில் 2 கிலோதான். உடையாமல் இருக்க 45, 35, 35 அளவில் பெட்டி போட்டால் 55,125. 5000-ஆல் வகுத்தால் 11 கிலோ. பொம்மை விலையைப் போல மூன்று மடங்கு கூரியருக்குக் கொடுத்துவிட்டு "ஏமாத்திட்டாங்க" என்று புலம்பியவர்கள் எனக்குத் தெரியும். யாரும் ஏமாற்றவில்லை, பெட்டி அளவை யாரும் கேட்கவில்லை.

நாட்டியப் பெண் பொம்மையாக இருந்தால் ஒரு வழி உண்டு. பாவாடை, உடல், தலை எல்லாம் தனித்தனியாகக் கழன்று வரும். தனித்தனியே சுற்றி, சின்னதை எல்லாம் பாவாடைக் குழிக்குள் வைத்தால் பெட்டி பாதியாகிவிடும். ராஜா ராணி பொம்மையில் இது நடக்காது, அடியில் மண் கனம்.

ஏஜென்ட் வழி சௌகரியமானது, வீட்டுக்கே வந்து எடுத்துப்போவார்கள். ஆனால் பெட்டி யார் பெயரில், என்ன விவரத்தோடு போகிறது என்று உங்களுக்குத் தெரியாது. இந்த ஊர் ஏஜென்ட் ஒருவர் ஒருமுறை பட்டுப்புடவையை "பழைய துணி" என்று எழுதி அனுப்பினார். பெட்டி வழியில் காணாமல் போனது. நஷ்டஈடு பழைய துணிக்குத்தான் கிடைத்தது.

படி 3: பொருளுக்குப் பொருள் விதி வேறு

சுவாமிமலைச் சிலையில் இருந்து ஆரம்பிக்கிறேன், அதிகம் மாட்டிக்கொள்வது அதில்தான்.

நம் பகுதிக் கோயில்களிலிருந்து களவுபோன செப்புத் திருமேனிகள் உலகம் முழுக்கப் பயணப்பட்ட கதை உங்களுக்குத் தெரியும். பத்தூர் நடராஜர் லண்டன் வழக்குக்குப் பின் 1991-இல் திரும்பினார். ஸ்ரீபுரந்தான் நடராஜர் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்தில் இருந்து 2014-இல் வந்தார். அதனால் விமான நிலையச் சரக்குப் பிரிவில் உலோகச் சாமி சிலை என்றாலே அதிகாரிக்கு முதலில் வருவது சந்தேகம்தான். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிலையைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. நீங்கள் வாங்குவது போன மாதம் வார்த்ததுதான் என்று நிரூபிக்க, 'இது தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்கவேண்டும். பட்டறைக்காரர் படங்களோடு விண்ணப்பித்து, சிலையைக் காட்டி வாங்குவார். அனுபவமுள்ளவர்களுக்கு இது பழகிய வேலை.

ஆகவே சுவாமிமலையில் யாரிடம் பேசினாலும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "ஐயா, தொல்லியல் துறை சான்றிதழ் நீங்களே வாங்கித் தருவீங்களா, அதுக்கு எத்தனை நாள்?" தடுமாறாமல் பதில் சொன்னால் அவர் வெளிநாட்டுக்கு அனுப்பிப் பழகியவர். "அதெல்லாம் வேண்டாம், அலங்காரப் பொருள்னு போட்டு அனுப்பிடலாம்" என்றால் போனை வைத்துவிடுங்கள்.

நேரத்தையும் கணக்கில் வையுங்கள். முதலில் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண் பூசி, சுட்டு, மெழுகை வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகம் ஊற்றுகிறார்கள். ஆறியதும் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். ஒரே அச்சில் இரண்டாவது சிலை கிடையாது. ஆகவே தளத்தில் பார்த்த முகமே உங்களுக்கு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். தயாராக இருக்கும் சிலையை வாங்கினால் அதே சிலையின் படத்தை நாலு பக்கமும், அடிப்பீடத்தையும் கேளுங்கள். ஆர்டர் கொடுத்துச் செய்வதாக இருந்தால் மெழுகு நிலையிலேயே படம் கேளுங்கள். ஒரு ஸ்தபதி என்னிடம் சொன்னார்: "மெழுகுல மூக்கைத் திருத்தலாம்மா, செம்புல திருத்தினா மூக்கு போயிடும்."

குத்துவிளக்கில் இவ்வளவு சிக்கல் இல்லை. நாச்சியார்கோவில் விளக்கு பாகம் பாகமாக மரை போட்டுக் கழற்றுகிற மாதிரிதான் செய்யப்படுகிறது: பீடம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம். கழற்றி அனுப்பச் சொல்லுங்கள், ஆனால் கட்டுவதற்கு முன் ஒருமுறை முழுக்கப் பூட்டிக் காட்டும் வீடியோ வேண்டும். தம்பிக்காகக் கட்டவிருந்த ஜோடியில் ஒரு தண்டின் மரை வேறு விளக்கினுடையது. வீடியோவில்தான் அது தெரிந்தது, பாதியில் நின்று சுற்றிக்கொண்டே இருந்தது. விளக்குக்கு எடை போட்டுத்தான் விலை. அதனால் தராசு எண்ணும் படத்தில் தெரியவேண்டும்.

தஞ்சாவூர் ஓவியத்தைக் கண்ணாடிச் சட்டத்தோடு வாங்காதீர்கள். நான் அனுப்பிய முதல் ஓவியத்தில் கண்ணாடி உடைந்து, கிருஷ்ணர் கன்னத்தில் தங்கத் தகடு கீறிப்போனது. சட்டம் இல்லாமல் பலகையை மட்டும் வரவழைத்து, உங்கள் ஊரிலேயே சட்டம் போட்டுக்கொள்ளுங்கள். எடையும் குறையும். பெரிய ஓவியத்துக்கு மரப்பெட்டி அடிப்பார்கள். பச்சைப் பலகையில் அடித்தால் வம்பு. ஐஎஸ்பிஎம் 15 என்ற பன்னாட்டு விதிப்படி மரப்பெட்டி பதப்படுத்தி முத்திரை குத்தியதாக இருக்கவேண்டும். ஒட்டுப்பலகைக்கு இந்த விதி இல்லை, ஆகவே பிளைவுட் பெட்டி கேளுங்கள்.

திருபுவனம் பட்டு அனுப்ப மிகச் சுலபம். மடித்து ஒரு பிளாஸ்டிக் உறை, மேலே துணிப்பை, அவ்வளவுதான். அங்கே கேட்கவேண்டியது வேறு: ஜரிகை என்ன ஜரிகை? அசல் ஜரிகையில் வெள்ளி இழைமேல் தங்கமுலாம். டெஸ்டட் ஜரிகை என்று சொல்வதில் அடியில் செம்பு. இரண்டும் விற்கிறார்கள், இரண்டும் தப்பில்லை, விலை மட்டும் ஒன்றாக இருக்கக் கூடாது. சில்க் மார்க் சீட்டில் உள்ள எண் தெரிகிற மாதிரி படம் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டு பட்டுக்குத்தான் உத்தரவாதம், ஜரிகைக்கு அல்ல. ஜரிகை விவரத்தைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

வீணையை ஆன்லைனில் வாங்குவது எனக்குச் சம்மதமில்லை. கேட்காமல் எப்படி வாங்குவது? வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் வாசிக்கத் தெரிந்த யாராவது தஞ்சாவூர் போய் மீட்டிப் பார்க்கட்டும். 130, 45, 45 சென்டிமீட்டர் பெட்டியின் கன எடை 52 கிலோவுக்கு மேல் வரும் என்பதையும், மெட்டுகள் மெழுகில் பதிந்திருப்பதால் வெயிலில் கிடந்தால் இளகும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுப் பொருள். கும்பகோணம் காபித்தூள், அப்பளம், வத்தல் எல்லாம் தினம் தினம் போகின்றன. அமெரிக்காவுக்குக் கடையில் வாங்கிய உணவுப்பொருளை அனுப்ப, அங்குள்ள உணவு, மருந்துத் துறையான எஃப்டிஏவுக்கு முன்கூட்டியே அறிவிக்கவேண்டும் என்பது சட்டம். அம்மா வீட்டில் இட்ட வடாம் தனிநபர் அன்பளிப்பாகப் போனால் அதற்கு விலக்கு உண்டு. மசாலாப் பொட்டலம் வாங்கும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். கசகசா சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் தடை. குருமாப் பொடியில் ஒரு பிடி கசகசா போடுவது நமக்குச் சாதாரணம், துபாய் விமான நிலையத்தில் அது சாதாரணம் இல்லை. எதிர்வீட்டுப் பையனின் அம்மாவிடம் இதைப் புரியவைக்க எனக்கு மூன்று நாள் ஆனது. கொழுந்து வெற்றிலையும் வேண்டாம். போய்ச் சேர்வதற்குள் அழுகிவிடும்.

படி 4: பணம்

உங்களுக்கு இந்திய வங்கியில் வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ கணக்கு இருந்தால், சிங்கப்பூர், அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, அமீரகம், சவூதி, கத்தார், ஓமன் உள்ளிட்ட நாடுகளின் செல்பேசி எண்ணிலேயே யுபிஐ வைத்துக்கொள்ளலாம், 2023-இல் அனுமதி வந்தது. பட்டறைக்காரரின் கியூஆர் அட்டைக்கு நேரடியாகக் கட்டிவிடலாம். சிங்கப்பூரின் பணப் பரிமாற்ற வசதியான பேநவ் வழியாக யுபிஐக்கு அனுப்பும் இணைப்பு ஆளுக்கு ஆள் அனுப்புவதற்கு மட்டும். அதில் அக்காவுக்கு அனுப்பி, அக்கா கடையில் கட்டுவதுதான் எங்கள் வீட்டு முறை.

வெளிநாட்டு அட்டையில் கட்டும்போது, தளம் "உங்கள் நாணயத்திலேயே கட்டலாமா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி ரூபாயில் கட்டுங்கள். அந்த மாற்று விகிதத்தில் அவர்கள் லாபம் சேர்ந்திருக்கும்.

இந்தியாவிலிருந்து முறையாக ஏற்றுமதியாகும் பொருளுக்கு இங்கே ஜிஎஸ்டி பூஜ்யம். கடைக்காரரிடம் ஏற்றுமதியாளர் குறியீட்டு எண்ணும், வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான உறுதிக் கடிதமும் இருந்தால் பில்லில் ஜிஎஸ்டி வரக் கூடாது. சின்னக் கடையில் இதெல்லாம் இருக்காது, உள்ளூர்ப் பில் போட்டுத்தான் தருவார். அது ஏமாற்று அல்ல. பெரிய தொகையானால் மட்டும் கேளுங்கள்.

ஆர்டர் கொடுத்துச் செய்யும் பொருளுக்குப் பாதி முன்பணம், மீதி முடிந்த பொருளின் வீடியோ பார்த்தபின். இதற்கு ஒப்புக்கொள்ளாதவரிடம் நான் வாங்குவதில்லை.

"விலையைக் குறைச்சுப் போட்டு அனுப்பட்டுமா?" என்று கடைக்காரரே கேட்பார், நல்லெண்ணத்தில்தான். வேண்டாம் என்று சொல்லுங்கள். உடைந்தால் நஷ்டஈடு அந்தக் குறைத்த விலைக்குத்தான், பிடிபட்டால் அபராதம் உங்கள் பெயரில். விவரத்திலும் "கிஃப்ட் ஐட்டம்" என்று எழுதினால் பெட்டி நின்றுவிடும். "பித்தளை எண்ணெய் விளக்கு, புதியது, கைவினை" என்று இருக்கட்டும். உலோகச் சிலைக்குச் சுங்க வகைப்பாட்டு எண் 8306-இல் ஆரம்பிக்கும், அதையும் போடச் சொல்லுங்கள்.

படி 5: எப்போது ஆர்டர் செய்வது

கொலு பொம்மை வேண்டுமானால் ஆனியிலேயே சொல்லிவிடுங்கள். ஆடி பிறந்தால் பட்டறைகளில் உள்ளூர்க் கூட்டம், ஆவணியில் பேசவே நேரம் இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் அடைமழை. காகிதக்கூழ் பொம்மை காயாது, அப்பளம் காயாது, வண்ணம் ஈரத்தோடு பெட்டிக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யம் பக்கம் வாரக்கணக்கில் மின்சாரமே இல்லை. அந்த மாதங்களில் பட்டு, பித்தளை மட்டும் வாங்குங்கள்.

படி 6: பெட்டி வந்த பிறகு

சுங்க வரி கட்டச் சொல்லி மெசேஜ் வந்தால் அதில் உள்ள இணைப்பைத் தொடாதீர்கள். கூரியர் தளத்துக்கு நீங்களாகவே போய், பார்சல் எண்ணைப் போட்டுப் பாருங்கள். வரி இருந்தால் அங்கே காட்டும்.

பெட்டியைப் பிரிப்பதை ஒரே மூச்சில் வீடியோ எடுங்கள், ஒட்டுநாடா வெட்டுவதிலிருந்து. உடைந்திருந்தால் பெட்டியை எறியாமல் வைத்துக்கொண்டு அன்றைக்கே கூரியருக்கும் கடைக்கும் எழுதுங்கள். திருப்பி அனுப்பலாம் என்ற நினைப்பை மட்டும் விட்டுவிடுங்கள். இந்தியாவுக்குத் திரும்பி வரும் பெட்டிக்கு இங்கே இறக்குமதி வரிச் சிக்கல், கடைக்காரர் வாங்கவே மாட்டார். உடைந்த பாகத்தை மட்டும் மறுபடி அனுப்பச் சொல்வதுதான் நடக்கிற காரியம்.

கப்பலிலோ மழையிலோ வந்த பித்தளை கொஞ்சம் கறுத்திருக்கும். வார்னிஷ் பூசாத விளக்கென்றால் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். மரையில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுப் பூட்டுங்கள், முறுக்கிவிடாதீர்கள். தம்பி முறுக்கிவிட்டான். இப்போது அந்த ஒற்றை விளக்கு மட்டும் கழலாமல், அன்னம் ஒருபக்கமாகத் திரும்பியபடி நிற்கிறது.